சலங்கை கழற்றிய மிஷின்

ஏப்ரல் 3, வியாழன்

காலையிலிருந்தே புழுக்கம். கடல் காற்று லீவில் போயிருக்கிறது போல.

எழுதுவது மேடம் உத்தரவு. ஆஸ்பத்திரியில் கைக்குத் தெரபி கொடுப்பவர். பேனாவில் தடியான ரப்பர் ட்யூப் ஒன்றை மாட்டிக் கொடுத்தார். "தெனமும் கொஞ்சம் எழுது சந்தியா. என்ன வேணா எழுது. நான் படிக்க மாட்டேன்." படித்தாலும் புரியாது. கோழி கிண்டிய மாதிரி இருக்கிறது எழுத்து. காலேஜை விட்டு ஓடி வந்தவளுக்கு வீட்டுப்பாடம்.

வலது கை நிலவரம்:
ஆள்காட்டி விரல் - கம்பி எடுத்தாச்சு. பாதி மடங்கும்.
நடு விரல் - நுனி இல்லை. இல்லாத நுனி அரிக்கிறது. எங்கே சொறிவது?
மோதிர விரல், சுண்டு விரல் - அடியே படவில்லை. ஆனாலும் விறைத்துக்கொண்டு நிற்கின்றன. நடிப்பு.
கட்டை விரல் - இது ஒன்றுதான் உருப்படி.

இன்று மெழுகு. உருக்கிய மெழுகில் கையை முக்கி முக்கி எடுத்தால் வெள்ளையாக ஒரு உறை. இதமாக இருந்தது. அப்படியே தூங்கிவிட்டேன். பக்கத்து நாற்காலித் தாத்தா எழுப்பினார். "எழுந்திரும்மா, இது லாட்ஜ் இல்ல."

திரும்பும்போது பஸ் ஸ்டாப் வரை நடக்கத் தெம்பில்லை. ஆனாலும் எங்கள் கடை இருக்கும் மெயின் ரோட்டு வழியாக வராமல் கடலோரம் குருசுக்குப்பம் சுற்றிக்கொண்டு வந்தேன். காற்றுக்காக.

சாயங்காலம் அம்மா கடையிலிருந்து வந்ததும் ஆரம்பித்தாள். புடவை முழுக்கக் கரும்பு வாசனை.

"எத்தினி நாளைக்குடி இந்த மெழுகு, மாவு எல்லாம்?"

"கை வர்ற வரைக்கும்."

"கத்திரி வெயிலுக்குள்ள வருமா?"

அம்மாவே கெடு வைத்துவிட்டாள். கத்திரி ஆரம்பிக்கும்போது கரும்பு ஜூஸ் மிஷினில் நிற்க முடிந்தால் நான் நிற்கலாம். இல்லாவிட்டால் மிஷின் பிரபு அண்ணனுக்கு, நான் நேரு வீதியில் ஜவுளிக்கடைக்கு. அங்கே யாரிடமோ பேசியும் வைத்திருக்கிறாள்.

பிரபு அண்ணன் - பெரியம்மா பையன். என் கை போன பிறகு மிஷினில் நிற்பது அவன்தான். தட்டாஞ்சாவடியில் கம்பெனி வேலை, பிறகு ஷேர் ஆட்டோ, இப்போது கரும்பு. இனி பி.அ. முழுப் பேர் எழுதினால் விரல் வலிக்கிறது.

ஜவுளிக்கடை. காலையிலிருந்து ராத்திரி வரை "வாங்கக்கா, என்னா மாதிரி பாக்குறீங்க." செத்துவிடுவேன். காலேஜில் கடைசி பெஞ்சில் உட்கார முடியாமல்தான் எழுந்து வந்தேன். மிஷின் பக்கத்தில் மட்டும்தான் எனக்கு வேறெங்கும் போகத் தோன்றியதில்லை. கரும்பு சீவு, தள்ளு, மடக்கு, எலுமிச்சை இஞ்சி வை, தள்ளு, வடிகட்டு, ஐஸ். நின்ற இடத்திலேயே ஓடுகிற மாதிரி.

கை வலி. போதும்.


ஏப்ரல் 4, வெள்ளி

மெழுகு. பிறகு துணிக் கிளிப். கம்பியில் கிளிப் மாட்ட வேண்டும், கழற்ற வேண்டும், மறுபடி மாட்ட வேண்டும். துணி இல்லை. வெறும் கிளிப். இதற்கு ஆஸ்பத்திரியா? எங்கள் மாடியில் ஈரத் துணியாவது காயும்.

நேற்று எழுப்பிய தாத்தா: பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். இங்கே சொல்தா என்று சொல்வார்கள். வாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. "தாத்தா" என்றேன்.

"தாத்தாவா? முசேன்னு கூப்புடு." பிரெஞ்சில் ஐயா மாதிரியாம்.

"சரி முசே தாத்தா."

மேடம் திரும்பியிருக்கும்போது நல்ல கையால் கிளிப் மாட்டிக்கொள்கிறார். பார்த்துவிட்டேன். "போட்டுக் குடுத்துடாத. உனக்குக் கேக் வாங்கித் தரேன்." போட்டுக் கொடுத்தேன். மேடம் எல்லாக் கிளிப்பையும் கழற்றி முதலிலிருந்து ஆரம்பிக்க வைத்தார். தாத்தா பிரெஞ்சில் ஏதோ திட்டினார். திட்டு மாதிரியே இல்லை, அழகாக இருந்தது.

பகல் முழுக்கத் தூக்கம். எதுவும் செய்யாமலேயே இத்தனை அலுப்பு எங்கிருந்து வருகிறது?


ஏப்ரல் 7, திங்கள்

பச்சரிசித் தட்டு. அரிசிக்குள் பாசிமணி ஒளித்து வைத்திருப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே தேடி எடுக்க வேண்டும். நுனி போன விரலில் அரிசி படும்போது கரண்ட் அடிப்பது போல. பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தேன். நன்றாகவே எடுத்தேன். மேடம் "சூப்பர்" என்று சொல்லி முடிக்கவில்லை...

ஒரு அம்மா இடுப்பில் குழந்தையோடு உள்ளே வந்தாள். குழந்தையை இறக்கிவிட்டாள். காலில் முத்துக் கொலுசு. ஓட ஆரம்பித்தது.

என் கை போய்விட்டது. நான் இழுக்கவில்லை. தானாகப் போய் வயிற்றோடு ஒட்டிக்கொண்டது. தட்டு கவிழ்ந்து அறை முழுக்க அரிசி. குழந்தைக்குக் குஷி, அரிசி மேல் குதித்தது. இன்னும் சத்தம்.

மேடம் குனிந்து பொறுக்கிக்கொண்டே கேட்டார். "வலிச்சுதா?"

"இல்ல."

"பயந்துட்டியா?"

"கொலுசுக்கெல்லாம் யாராவது பயப்படுவாங்களா மேடம்?"

விட்டுவிட்டார். ஆனால் அட்டையில் என்னவோ எழுதினார். முசே தாத்தா மட்டும் தன் கிளிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "பட்டாசு வெடிச்சா நான் கட்டிலுக்கு அடியில போயிடுவேன். என் பொண்டாட்டி சிரிப்பா." அவ்வளவுதான் சொன்னார். பிறகு கிளிப்.


ஏப்ரல் 9, புதன்

வெயில் வெயில் வெயில். ஒரு முட்டாள்தனம்.

விரலை நேராக வைக்க மேடம் ஒரு பிளாஸ்டிக் பட்டை செய்து கொடுத்திருந்தார். கொதிநீரில் போட்டு இளக்கி, என் கை அளவுக்கே வளைத்தது. அரிக்கிறது என்று கழற்றி பி.அ. ஸ்கூட்டர் டிக்கியில் வைத்தேன். ஸ்கூட்டர் நேற்று மத்தியானம் முழுக்கத் தார் ரோட்டில். எடுத்துப் பார்த்தால் பட்டை அப்பளம் மாதிரி நெளிந்து கிடக்கிறது.

மேடம் திட்டவில்லை. மறுபடி வெந்நீர், மறுபடி வளைப்பு. "இதுக்கு சூடு ஆவாது. ஃபிரிட்ஜ் பக்கத்துல வை." எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் எங்கே இருக்கிறது. கடை ஐஸ் பெட்டிதான்.

பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா அம்மாவிடம்: "கல்யாணத்துல மோதிரம் எந்த விரல்ல போடுவாங்க? அது நல்லாத்தானே இருக்கு, அப்பறம் இன்னா?" அம்மா: "போட ஒருத்தன் வரணுமே." இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் மாவு உருண்டையைப் பிசைந்துகொண்டு. தெரபி மாவு. பச்சை நிறம். மல்லிகா அக்கா மூஞ்சி மாதிரி செய்து நசுக்கினேன். பிடி பலம் கூடியிருக்கிறது.


ஏப்ரல் 11, வெள்ளி

இன்று மேடம் மெழுகு, மாவு எதையும் எடுக்கவில்லை. "உன் வேலையச் சொல்லு. ஒண்ணு விடாம."

சொன்னேன். சிலேட் போர்டில் எழுதினார்: சீவுவது, தள்ளுவது, மடக்குவது, வடிகட்டுவது, ஐஸ் உடைப்பது, கிளாஸ் கழுவுவது, சக்கை அள்ளுவது. பிறகு மேஜையைக் காட்டி "இதுதான் மிஷின். செஞ்சு காட்டு" என்றார். கையில் ஒரு நிஜக் கரும்பு. வழியில் வாங்கி வந்தாராம். வேறு எவனிடமோ.

செய்தேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் கை ஞாபகம் வைத்திருந்தது. முதல் தள்ளு, மடிப்பு, நடுவில் எலுமிச்சை, திருகு, தள்ளு. ஆள்காட்டி சரியாக மடங்காவிட்டாலும் கட்டை விரல் சமாளித்தது. முசே தாத்தா "அலே! அலே!" என்று கத்தினார். போ போ என்று அர்த்தமாம். "எனக்கு ஐஸ் இல்லாம ஒரு கிளாஸ்."

அப்போது மேடம் தன் போனில் ஒரு வீடியோ போட்டார். ஏதோ ஊர், ஏதோ கடை. கரும்பு மிஷின் ஓடுகிறது. சக்கரத்தில் சலங்கை, எங்கள் மிஷினில் இருக்கிற மாதிரியே. ஜல் ஜல் ஜல்.

கரும்பு கீழே. கை வயிற்றில்.

மேடம் வீடியோவை நிறுத்திவிட்டுத் தண்ணீர் கொடுத்தார். அழவில்லை. மூக்கு ஒழுகியது.

அப்புறம் சொன்னேன். யாரிடமும் சொல்லாததை. மடித்த கரும்போடு கை உள்ளே போனபோது வலியே தெரியவில்லை. அம்மா ஓடி வந்து சுவிட்சை அணைத்துவிட்டாள். மோட்டார் நின்றுவிட்டது. ஆனால் சக்கரம் உடனே நிற்காது. மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. ஜல்... ஜல்... ஜல். சலங்கை நிற்கிற வரை என் கை உள்ளே. அந்தச் சத்தம் நிற்கட்டும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

மேடம் கீழே கிடந்த கரும்பை எடுத்து வைத்துவிட்டு: "உன் கைக்குப் பலம் இருக்கு. அது அந்த சத்தத்துக்கு ஒதுங்குது. அதுக்கும் பயிற்சி உண்டு. அந்தச் சலங்கைய எடுத்துக்கிட்டு வா. இங்க வச்சு மெதுவா ஆரம்பிக்கலாம்."

வீட்டுக்கு வந்தபோது கண் எரிச்சல், உடம்பு அடித்துப் போட்ட மாதிரி. அம்மா "மேடம் இன்னா சொன்னாங்க?" என்றாள். "சலங்கை சத்தம் கேட்டா கை ஒதுங்குதாம். அதான்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன். மீதியைக் காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று.


ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. வேப்பம்பூ, மாங்காய், வெல்லம். பச்சடியைக் கரண்டியால் நானே எடுத்துப் போட்டுக்கொண்டேன். அம்மா பார்க்காத மாதிரி பார்த்தாள்.

பி.அ. சாப்பிட வந்தான். உட்காரும்போதே புலம்பல்.

"சின்னம்மா, இன்னா வேலை பண்ணி வச்சிருக்க? மிஷின் ஊமைப் படம் மாதிரி ஓடுது. ஒரு சத்தம் இல்ல."

"சும்மா தின்னுடா."

"ரோட்டுல போறவன் கடை மூடியிருக்குன்னு நெனச்சுக்கிட்டுப் போறான். நான் கை தட்டிக் கூப்புட வேண்டியதா இருக்கு. கரும்பு விக்கிறனா, வித்தை காட்டுறனா?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. சனிக்கிழமை காலையிலேயே அம்மா சலங்கையைக் கழற்றிவிட்டாள். முழுசாக. நான் பாதி சொன்னதைக் கேட்டுவிட்டு.

"மேடம் சொன்னபடி பண்ணிட்டேன்" என்றாள் என்னிடம். முகத்தில் பெருமை. "இப்ப சத்தமே இல்ல. நீ வந்து நில்லு."

கொண்டு வரத்தான் சொன்னார்கள், கழற்றி ஒளித்து வைக்கச் சொல்லவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. ஆனால் உள்ளே இன்னொன்று: சத்தம் இல்லையா? அப்படியென்றால் இப்போதே போகலாமே. கத்திரிக்குள் மிஷினில் நிற்கலாமே. யாருக்கு வேண்டும் பயிற்சி.

பச்சடி இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டேன்.


ஏப்ரல் 16, புதன்

கடைக்குப் போனேன்!

மணிக்கூண்டுப் பக்கம் திரும்பும்போதே காதைத் தீட்டிக்கொண்டேன். நிஜமாகவே சத்தம் இல்லை. பச்சைப் பெட்டி, மேலே மாரியம்மன் படம், ஓரத்தில் சக்கைக் குவியல், ஈ. எல்லாம் அப்படியே. சக்கரத்தில் சலங்கை இருந்த இடத்தில் தோல் வாரின் தழும்பு மட்டும், கறுப்பாக.

வெள்ளிக்கிழமை மேடம் போட்டுக் கொடுத்த வரிசை: முதலில் கிளாஸ் கழுவுவது, பிறகு வடிகட்டுவது, பிறகு சீவுவது. மிஷின் கடைசியில், அதுவரை அதன் பக்கமே போகக் கூடாது. சரி, கிளாஸ். எவ்வளவு கேவலம். போன வருஷம் சும்மா ஜூஸ் குடிக்க வந்த பி.அ.வை இதே கடையில் கிளாஸ் கழுவ விரட்டினவள் நான். இன்று அவன்: "ஏய், அடியில இஞ்சி ஒட்டியிருக்கு பாரு, நல்லாக் கழுவு." பதிலுக்குக் கிளாஸ் தண்ணீரை அவன் மேல்.

ஒருத்தர் பைக்கை நிறுத்திவிட்டு: "கரண்ட் இல்லியா?" ஓடுகிற மிஷினைப் பார்த்துக்கொண்டே கேட்கிறார். "ஓடுது சார்." "அப்டியா? சத்தமே காணோமே." நிறையப் பேர் அப்படியே போய்விட்டார்கள். கரும்பு மிச்சம். சீவின கரும்பு சாயங்காலத்துக்குள் கறுத்துவிட்டது. பாகூர் பக்கத்துக் கரும்பு, நல்ல சாறு. மாட்டுக்குப் போட்டோம்.

எனக்கு மட்டும் நிம்மதி. அதை யாரிடமும் சொல்ல முடியாது.


ஏப்ரல் 17, வியாழன்

எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதுகிறேன்.

மத்தியானம். பி.அ. ஐஸ் வாங்கப் போயிருந்தான். அம்மா மிஷினில். எதிர்ப்பக்கம் ரோடு தோண்டுகிறார்கள், ஜெனரேட்டர் அலறுகிறது. ஒரு ஆள் குடித்துவிட்டுப் போனார். அம்மா சில்லறைக்காகத் திரும்பினாள். தட்டில் சக்கை அடைத்திருந்தது, சாறு வழிந்தது. மிஷின் நின்றிருக்கிறது என்று நினைத்தேன். அள்ளக் கை நீட்டினேன். எந்தக் கையை? அதே கையை.

ஓடிக்கொண்டிருந்தது.

முன்பெல்லாம் யாரும் உருளையைப் பார்க்கவே மாட்டோம். காதாலேயே தெரியும். ஜல் ஜல் என்றால் ஓடுகிறது, இல்லை என்றால் நின்றுவிட்டது. அம்மாவுக்கும் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான். என் காது "நின்றிருக்கிறது" என்று சொன்னது. கை நம்பியது.

அம்மா என் பின்னலைப் பிடித்து இழுத்தாள். ஒரே இழு. பின்னால் போய் ஐஸ் பெட்டி மேல் விழுந்தேன். அப்புறம் ஒரு அறை. அப்புறம் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் இன்னொரு அறை.

ரோடு தோண்டுகிற ஆட்கள் நின்று வேடிக்கை. "யம்மா, பொண்ண அடிக்காத, எங்களுக்கு நாலு கிளாஸ் குடு."

அம்மா கொடுக்கவில்லை. சுவிட்சை அணைத்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"உனக்குப் பயமா இருக்குமேன்னுதாண்டி கழட்டினேன்."

"தெரியும்மா."

"அன்னிக்கும் நான்தான் பக்கத்துல நின்னேன். இன்னிக்கும் நான்தான்."

நான் முழுசையும் சொன்னேன். மேடம் என்ன கேட்டார், நான் எவ்வளவு சொன்னேன், ஏன் பேசாமல் இருந்தேன். அம்மா கேட்டுவிட்டு மூன்றாவது அறைக்குக் கையை ஓங்கினாள். அடிக்கவில்லை. அலுப்பு அவளுக்கும்.


ஏப்ரல் 21, திங்கள்

ஆஸ்பத்திரிக்கு அம்மாவும் வந்தாள். மஞ்சப்பையில் சலங்கை. அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்திருந்தாளாம். பை சத்தம் போடாமல் இருக்கப் பழைய பாவாடையால் சுற்றி, மடியில் குழந்தை மாதிரி பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள்.

மேடத்துக்கு முதல் முறையாகக் கோபம். "நான் வரிசை போட்டுக் குடுத்தேன். மிஷின் பக்கமே போகக் கூடாதுன்னேன்." என்னைப் பார்த்து. பிறகு அம்மாவைப் பார்த்து: "நானும் உங்களைக் கூப்பிட்டு நேர்ல சொல்லியிருக்கணும்மா. இவ மூலமா சொன்னது என் தப்பு." அம்மா குழம்பிவிட்டாள். ஆஸ்பத்திரியில் யாரும் இவளிடம் "என் தப்பு" என்று சொன்னதில்லை. "அது பரவால்ல மேடம், நீங்க சாப்ட்டீங்களா?" என்றாள்.

பயிற்சி: சலங்கைக்குள் பஞ்சு அடைத்து, மேஜையில். நான் தொட வேண்டும். தொட்டேன். பிறகு ஒரே ஒரு மணியில் மட்டும் பஞ்சை எடுத்து, நானே ஆட்ட வேண்டும். அதுதான் விஷயமாம். சத்தம் என் கையிலிருந்து வர வேண்டும். எங்கிருந்தோ என் கைக்கு வரக் கூடாது.

முதல் தடவை ஆட்டியதும் கீழே வைத்துவிட்டேன். முசே தாத்தா தன் விழுந்த கையை நல்ல கையால் தூக்கி மேஜையில் வைத்து, "எனக்கும் குடு, நானும் ஆட்டுறேன்" என்றார். ஆட்டினார். அவர் இடது கையில் முதல் முறையாகச் சுண்டு விரல் அசைந்தது என்று மேடம் கத்தினார். தாத்தா நம்பவில்லை. "அது காத்து." காற்றாவது ஒன்றாவது, ஃபேனே ஓடவில்லை.

என்னுடையதை யாரும் கவனிக்கவில்லை. அது நல்லதாகப் போயிற்று. அந்தக் கூத்தில் இன்னும் இரண்டு முறை ஆட்டிவிட்டேன்.


ஏப்ரல் 24, வியாழன்

வீட்டில் பயிற்சி. காலை, சாயங்காலம். தினம் ஒரு மணியின் பஞ்சை எடுக்க வேண்டும். ஆட்டிக்கொண்டே மாவு பிசைய வேண்டும், ஆட்டிக்கொண்டே கிளிப் மாட்ட வேண்டும். இடது கையில் சலங்கை, வலது கையில் வேலை. பைத்தியக்காரி மாதிரி.

மல்லிகா அக்கா சுவருக்கு மேல்: "யாரு வூட்டுல சாமி ஆடுது?"

அம்மா: "என் பொண்ணுதான். குறி கேக்கணும்னா வா."

சில சமயம் கை இன்னும் ஓடுகிறது. பாதி தூரம் போய்த் திரும்புகிறது. நாய் மாதிரி. கூப்பிட்டால் வருகிறது.

கண்ணைத் திறக்க முடியவில்லை. இவ்வளவு போதும்.


ஏப்ரல் 28, திங்கள்

பஞ்சு எல்லாம் எடுத்தாச்சு. முழுச் சத்தம். தாங்குகிறேன் என்று சொல்ல முடியாது, ஓடாமல் நிற்கிறேன்.

மேடம் அம்மாவிடம் புது விதி: மிஷினுக்குப் போனால் மடித்த கரும்பைக் கையால் தள்ளக் கூடாது. நீளமாக மடித்து, இன்னொரு துண்டுக் கரும்பால் தள்ள வேண்டும். அம்மா: "அப்டி பண்ணா லேட்டாவும் மேடம்." மேடம் என் நடு விரலைக் காட்டினார். அம்மா: "சரி, துண்டுக் கரும்பு."

முசே தாத்தா இன்று வரவில்லை. நாற்காலி காலி. கிளிப் எல்லாம் கம்பியில் அப்படியே. மேடத்திடம் கேட்டேன். பேத்தி வந்திருக்கிறாளாம், பீச் ரோட்டுக்கு நடக்கப் போயிருக்கிறாராம். எனக்குப் போன உயிர் வந்தது. கேக் பாக்கி இருக்கிறது.


மே 2, வெள்ளி

கை வீங்கியிருக்கிறது. நேற்று ஐஸ் உடைத்தேன், ஆசைப்பட்டு. தழும்பு சிவந்து, தொட்டால் எரிகிறது. பேனா பிடிக்க முடியவில்லை.

ஜவுளிக்கடை சூப்பர்வைசர் ஜூஸ் குடிக்க வந்தாராம். "பொண்ண அனுப்புங்க, ஏசிதான்" என்றாராம். அம்மா எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். திணிக்கவில்லை. அதுதான் கஷ்டம். திணித்தால் சண்டை போடலாம்.

ஏசி. நிற்கலாம். யாரும் பின்னலைப் பிடித்து இழுக்க மாட்டார்கள். இந்தத் தழும்பு பட்டுப் புடவையில் சிக்கும், அது ஒன்றுதான். கையுறை போட்டுக்கொள்ளலாம்.

எனக்கே தெரியவில்லை, எதற்கு இந்தப் பாடு. ஒரு இரும்பு டப்பா. அதற்கு என் விரலைக் கொடுத்தாச்சு, இன்னும் அதன் பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்று அடம்.

அம்மா: "உனக்கு இன்னாடி வேணும்? அதச் சொல்லு மொதல்ல."

"தூக்கம் வேணும்."

"அது தவிர."

"ஞாயித்துக்கெழமை சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை கத்திரி ஆரம்பம். அம்மாவுக்கும் தெரியும்.


மே 4, ஞாயிறு

கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். சக்கைச் சாக்கு மேல். தார் இளகுகிறது, செருப்பு ஒட்டுகிறது.

காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது மஞ்சப்பையை நான் எடுத்துக்கொண்டேன். பாவாடைத் துணியை அவிழ்த்துவிட்டேன். தெரு முழுக்க ஜல் ஜல். குருசுக்குப்பம் சுற்றாமல், மெயின் ரோட்டு வழியாகவே.

பி.அ. பார்த்ததும்: "அப்பாடா, வந்துட்டியா. எனக்கு இந்த ஈயோட குடித்தனம் பண்ண முடியாது. ஆட்டோ ஓனர் ஆள் கேட்டுக்கினு இருக்கான்."

"இரு, இன்னும் ஒண்ணும் ஆவல" என்றாள் அம்மா.

சுவிட்ச் அணைத்து, பிளக்கையும் பிடுங்கி, அம்மா சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் வாரைச் சுற்றிக் கட்ட வேண்டும். பழைய தழும்பு மேலேயே. முடிச்சு போட ஆள்காட்டி வளையவில்லை. கட்டை விரலால் அழுத்தி, மோதிர விரலால் இழுத்து. நழுவியது. மறுபடி. நழுவியது. ஒவ்வொரு நழுவலுக்கும் ஒரு ஜல். பி.அ. கை நீட்டினான். அம்மா அவன் கையைத் தட்டிவிட்டாள்.

ஒரு ஆள் வந்து நின்றார். "கடை உண்டா இல்லியா?"

"இருங்க சார். சலங்கை கட்டறா."

"அதுக்கு இவ்ளோ நேரமா?"

"அவ்ளோ நேரம் ஆவும்" என்றாள் அம்மா.

அவர் நிழலுக்கு ஒதுங்கினார். போகவில்லை.

முடிச்சு விழுந்தது. பல்லாலும் ஒரு இழு. அம்மா பிளக்கைச் சொருகி, சுவிட்சில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"போடும்மா."

சத்தம். கை ஓடிப் போய் வயிற்றில். எதிர்பார்த்ததுதான். கூப்பிட்டேன். வந்தது. சீவின கரும்பை எடுத்தேன், கொடுத்தேன், உருளை பிடித்துக்கொண்டது, நான் விட்டேன். முதல் தள்ளு மட்டும். மடிப்பு அம்மா, துண்டுக் கரும்பால். ஒரு மிஷினுக்கு இரண்டு பேர். முன்பு நான் ஒருத்தியே. கேவலமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

வந்தவர் குடித்துவிட்டு, "இஞ்சி தூக்கலா இருக்கு."

"அது அப்படித்தான் சார்" என்றேன்.

மூன்றாவது கரும்பிலோ நான்காவதிலோ கை எங்கும் போகவில்லை. நான் கவனிக்கவில்லை, அம்மா கவனித்தாள். பி.அ.விடம் திரும்பி, "நீ போயி ஆட்டோவப் பாருடா" என்றாள்.

கை கனக்கிறது. முதுகு விட்டுப் போகிறது. இன்னும் மத்தியானமே ஆகவில்லை.

எதிர்த் தெருவில் கிரிக்கெட் ஆடின பையன்கள் சத்தம் கேட்டு மட்டையோடு ஓடி வருகிறார்கள். ஒரு கிளாஸும் கழுவி வைக்கவில்லை.